பொத்தி ஆட்டம்

கோட்டுச்சேரி அரிசி மில்லுக்குப் பின்னால், பூவரச மரத்தடியில், எழுபதுகளில் சாயங்காலம் தவறாமல் ஒரு ஜமா கூடும். சீட்டாட்டம்தான், பெயர் முந்நூற்று நாலு. மொத்தப் புள்ளியும் அவ்வளவே. காசு வைத்து ஆடுகிற கூட்டம் இல்லை, அந்தப் பழியை மட்டும் அவர்கள் மேல் போட வேண்டாம். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. ஜாக்கிதான் பெரிய சீட்டு, ராஜாவும் ராணியும் அதற்கு ரொம்பக் கீழே. எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவன் துருப்பு வைப்பான். கேட்டதை எடுக்கவில்லை என்றால் தோல்வி. ஜோடிக்காரனிடம் வாயைத் திறக்கவும் கூடாது, கண்ணைக் காட்டவும் கூடாது. தோற்ற ஜோடி ஆளுக்கொரு பூவரச இலையைக் காதில் செருகிக்கொண்டு வீடு வரைக்கும் நடக்க வேண்டும். வழியில் எடுத்துப் போட்டால் மறுநாள் சீட்டைத் தொட விடமாட்டார்கள்.

அந்த இலையை அதிகம் பார்க்காத காது இளையபெருமாளுடையது. மூன்று மா நிலத்தில் நெல் போடுகிற மனிதர். கடைத்தெருவில் அவரை யாரும் திரும்பிப் பார்க்க வேறு முகாந்திரம் கிடையாது. சீட்டைக் கையில் எடுத்துவிட்டாலோ மில்லுக்கு நெல் கொண்டுவந்தவர்கள்கூட மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே கேட்பார். பெரிய சீட்டைப் பொத்தி வைத்துக்கொண்டு சில்லறைச் சீட்டாக இறக்குவார். எதிராளி துருப்பையெல்லாம் கொட்டித் தீர்த்துக் கை ஓய்ந்த பிறகு ஜாக்கியை மெள்ள எடுத்துத் தரையில் வைப்பார். அதற்குப் பொத்தி ஆட்டம் என்று பெயர் விழுந்தது. பத்து வருஷம் கோட்டுச்சேரி முழுக்க அந்த ஆட்டத்தைத்தான் ஆடியது.

ஜோடியாக அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் உத்திராபதி. பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள், பிறகு ஒரே சீட்டுக்கட்டுக்கு இரண்டு பக்கம். "இவன் கேட்டான்னா கைல இருக்குன்னு அர்த்தம். பொய்யே வராதுய்யா இவன் வாயில" என்று உத்திராபதி நாலு பேர் எதிரே சொல்லுவார். இளையபெருமாளுக்கு அதைக் கேட்கிறபோது முதுகு நிமிர்ந்துவிடும்.

இது இப்படியே போயிருக்கலாம். போகவிட்டால்தானே! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினார் சோமசேகரன். பட்டாளக்காரர் என்ற அர்த்தத்தில் ஊரில் அவரை சொல்தா என்பார்கள். வந்து உட்கார்ந்த முதல் நாளே, கையில் ஓட்டைச் சீட்டை வைத்துக்கொண்டு, தொண்டை கிழிய இருநூறு என்று கேட்டார். எதிராளிகள் மிரண்டு ஒதுங்கினார்கள். ஜோடிக்காரன் சீட்டு கைகொடுத்தது, ஜெயித்துவிட்டார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு ஒரு சிரிப்பு வேறு.

முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களே சோமசேகரன் மாதிரி அடித்துக் கேட்க ஆரம்பித்தார்கள். புது வெள்ளம் பழைய வெள்ளத்தை அடித்துக்கொண்டு போகும் என்பது சும்மாவா? பொத்தி ஆடினால் இப்போது பயந்தாங்கொள்ளி என்று பெயர். இளையபெருமாள் மட்டும் அசையவில்லை.

"இல்லாததை இருக்குன்னு கேக்கறதுக்கு சீட்டு எதுக்குடா? வாயாலயே ஆடிட்டுப் போவலாமே" என்பார்.

சொல்லிவிட்டுத் தோற்பார். இலை செருகிக்கொண்டு வருகிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. வீட்டு வாசலில் அவரைப் பார்க்கிறபோது மனைவி பங்கஜவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவுங்க ஆடறாப்புலதான் ஆடித் தொலைங்களேன்" என்பாள்.

எண்பத்து மூன்றில் காணும் பொங்கலுக்குப் பட்டினச்சேரி ஜோடி வந்து ஆடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் உத்திராபதி வாய்க்கால் கரையில் அவரை நிறுத்தினார்.

"மாப்ள, நீயும் காலத்துக்குத் தக்கன மாறணும். பொத்தியே உக்காந்திருந்தீன்னா நான் வேற ஜோடி பாத்துக்க வேண்டியதுதான். ஊரு சிரிக்குதுடா."

இளையபெருமாளுக்கு அதே நினைப்பாகிவிட்டது. இவன் எதிரே இல்லாமல் எப்படி உட்காருவது? தன் ஆட்ட முறை போனாலும் போகட்டும், உத்திராபதி போகக்கூடாது என்று முடிவு செய்தார். அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி மனுஷன்! சொல்லவில்லை. ஆட்டத்தில் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

காணும் பொங்கலன்று மரத்தடியில் ஊரே நின்றது. ஆட்டங்கள் சமமாகவே வந்து, மிச்சம் ஒன்றே ஒன்று. அதில் இளையபெருமாள் கைக்கு வந்தது அத்தனையும் குப்பை. ஒரு ஜாக்கி இல்லை, ஒரு ஆஸ் இல்லை. உத்திராபதி முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, உரக்க, "இருநூறு" என்று கேட்டார்.

கூட்டம் ஓவென்றது. பட்டினச்சேரிக்காரர்கள் மிரளவில்லை, மேலே கேட்காமல் விட்டுக்கொடுத்தார்கள். உத்திராபதி கண் விரிந்தது. அவர் கையில் ஒரு ஜாக்கி இருந்தது. மிச்சம் மூன்றும் எங்கே இருக்கும்? பொய்யே வராத வாய் இருநூறு கேட்கிறதே! யோசிக்கவே இல்லை, "இருநூத்தம்பது" என்று மேலே ஏற்றித் துருப்பை வைத்தார்.

அப்புறம் என்ன, அடி மேல் அடி. தன் ஜாக்கியைப் போட்டு ஒரு பிடி எடுத்தார். அடுத்து, இளையபெருமாள் மேலே போட்டு எடுத்துக்கொள்வார் என்று நம்பி ஆஸை இறக்கினார். ஜாக்கி பட்டினச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது. அடுத்த பிடியிலும் அதே கதி. கடைசிச் சீட்டு விழுந்ததும் உத்திராபதி நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லையாடா ஒங்கிட்ட?"

"நீதானே மாறச் சொன்ன?"

"மாறுன்னேன். எங்கிட்டயே பொய் சொல்லுன்னா சொன்னேன்?"

சட்டம் சட்டம்தான், இருவருக்கும் ஆளுக்கொரு இலையைச் செருகினார்கள். உத்திராபதி தன் காதிலிருந்ததை உருவினார். இளையபெருமாளுடைய இன்னொரு காதில் அதைச் செருகி, "ரெண்டையும் நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். வழியில் இலையை எடுக்கக் கூடாது என்ற சட்டம் அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கூட்டம் சிரித்தது. இளையபெருமாள் இரண்டு காதிலும் இலையோடு கடைத்தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார். அன்று பங்கஜவல்லி சிரிக்கவில்லை.

ரேஷன் கடையில் எடை போடுகிற தியாகராசன் உத்திராபதிக்கு ஜோடியானான். இளையபெருமாளை யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. ஊர் அவரைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கியது.

எண்பத்தேழில் நெல் அரைக்கப் போனவர், மில் சத்தத்துக்கு நடுவில் மரத்தடிச் சிரிப்பைக் கேட்டு, கால் கேட்காமல் அங்கே போய் நின்றார். எதிர்ப்பக்கம் சோமசேகரன் அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உத்திராபதி மிரளவில்லை. குறைத்துக் கேட்டார், விட்டுக்கொடுத்தார். சில்லறையாக இறக்கி, எதிராளி துருப்பெல்லாம் தீர்ந்த பிறகு, ஜாக்கியை மெள்ள எடுத்துத் தரையில் வைத்தார். சோமசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

இளையபெருமாள் தன்னை மறந்து, "நம்ம பொத்தி ஆட்டம்ல இது!" என்றுவிட்டார்.

தியாகராசன் திரும்பினான். "அதெல்லாம் இல்ல மாமா. இது பட்டினச்சேரி ஆட்டம். அங்கேருந்து கத்துக்கிட்டு வந்தோம். இப்ப எல்லாரும் இதுக்குதான் மாறிட்டாங்க. ஒங்களுக்குப் பிடிபடாது."

இளையபெருமாள் உத்திராபதியைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். உத்திராபதி சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"பழைய ஆளு. வுடு தியாகு, சீட்டைப் போடு" என்றார்.

அரைத்த அரிசியை வாங்காமலேயே வீடு திரும்பிவிட்டார் இளையபெருமாள். வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்து, "அரிசி எங்க? ஆட்டம் பாக்க நின்னுட்டீங்களாக்கும். யாரு ஆடுனாங்க?" என்று கேட்டாள் பங்கஜவல்லி.

"நான்தான் ஆடுனேன்" என்றார் அவர். "ஜெயிச்சது உத்திராபதி."