வாசலில் கழற்றிய பூட்ஸ்

ஜோஸ்பின் திண்டுக்கல் பக்கத்து அகரத்துக்காரி. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் எட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு 2001இல் அயர்லாந்துக்குப் போனாள். ஆறு மாதம் கழித்துக் கணவர் ரொனால்டும் போய்ச் சேர்ந்தார். இங்கே அவர் இயற்பியல் ஆசிரியர். அங்கே அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சமைத்தார், துணி துவைத்தார், அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சிரித்தார். ஊரோடு ஒத்துப்போவதே அவருடைய உத்தியோகமாகிவிட்டது.

ஜோஸ்பினும் பலவற்றுக்கு ஒத்துப்போனாள். புடவையை மடித்து வைத்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். நாலரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. ஒன்றில் மட்டும் மாட்டேன் என்றாள்.

ரொனால்டு வந்த பிறகு வந்த டிசம்பரில் அவர்கள் வீடு மாறினார்கள். அதுவரை மருத்துவமனைக்குள் இருந்த சின்னக் கோயிலில்தான் பூசை பார்த்தாள்; அங்கே அவள் கழற்றியதை யாரும் கவனித்ததில்லை. அந்தப் பகுதிக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு முதல் ஞாயிறு பூசைக்குப் போனபோது, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அது யோசித்துச் செய்ததல்ல. அகரத்துப் பக்கம் கோயிலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. பூசை முடிந்து வந்தால் பூட்ஸைக் காணோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர், யாரோ ஏழைகளுக்காக விட்டுப்போனது என்று நினைத்துப் பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குள் போட்டிருந்தார். பெட்டியை இனிப் புதன்கிழமைதான் திறப்பார்கள். கிழவர் பதறிப்போய், காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கூடவே, இங்கே யாரும் கழற்றுவதில்லை என்றும் சொன்னார். ஜோஸ்பின் காரில் ஏறவில்லை. உறைபனி படிந்த சாலையில் வெறும் காலுறையோடு நடந்தாள்.

ரொனால்டு பின்னாலேயே போனார்.

"கார்ல ஏறுனா என்ன? இம்புட்டு வீம்பு ஆகாது, ஜோஸ்பின்."

"சித்திரை வெயில்ல தார் ரோட்டுல நடந்த காலுங்க இது."

"எல்லாரும் நம்மளையே பாக்குறாக."

"பாக்கட்டும். ரெண்டு கால்தான் இருக்கு. எண்ணிக்கிடட்டும்."

அடுத்த ஞாயிறும் கழற்றினாள். பூட்ஸைப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு பழக்கத்தை எல்லோரும் செய்யும்வரை அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருத்தி மட்டும் செய்யும்போதுதான் அது முடிவாகிறது. அவள் இப்போது முடிவெடுத்திருந்தாள்.

ஜனவரியில் பங்குச் சாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. ஈரக் கல் தரையில் யாராவது வழுக்கி விழுந்தால் காப்பீடு கிடைக்காது. ஆகவே எல்லோரும் காலணியோடுதான் உள்ளே வர வேண்டும். பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கோயிலில் வெறும் கால் ஒருத்திக்குத்தான்.

"சாமியே எழுதிட்டாரு. பொழைக்க வந்த எடத்துல பேரைக் கெடுத்துக்காத."

"அப்ப நான் உள்ள போகல. வெளிய நின்னு பூசை பாக்குறேன். வெளிய நிக்கக் கூடாதுன்னு எழுதலையில்ல?"

நான்கு ஞாயிறு வாசல்படியில், சாரலில், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். ரொனால்டு உள்ளே கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இதைத் தைரியம் என்று உடனே சொல்லிவிட முடியாது. பிடிவாதத்தில் கொஞ்சம் அகந்தையும் உண்டு. அவள் இல்லையென்று சொன்னதில்லை.

ஐந்தாவது ஞாயிறு நற்கருணை அப்பத்தைச் சாமியார் வாசலுக்கே கொண்டுவந்தார். பூசை முடிந்ததும், உள்ளே வரக் கூடாதா என்று கேட்டார். ஜோஸ்பின் பையிலிருந்து ஒரு ஜோடி காலுறையை எடுத்தாள். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்தது. அவளுடைய வார்டில் நோயாளிகள் போடுவது.

"எண்பது வயசுக்காரங்க இதப் போட்டு நடக்குறாங்க, ஃபாதர். யாரும் விழல. நானும் விழ மாட்டேன்" என்று அங்கே கற்ற ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் ஒன்றை வாங்கி அந்தப் புள்ளிகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்தார். அதன்பின் கடிதம் எதுவும் வரவில்லை. அவளைப் பார்த்து வேறு யாரும் கழற்றவுமில்லை.

2006இல் விடுமுறைக்கு வந்தபோது இருவரும் அகரத்துக் கோயிலுக்குப் போனார்கள். ஜோஸ்பின் செருப்பை விட்டுவிட்டு முன்னால் போனாள். பின்னாலிருந்து, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சூசைராஜின் குரல் கேட்டது.

"சார்! யாரு சார் அது? வாத்தியாரா இருந்துக்கிட்டு பூட்ஸோட உள்ள போறீக?"

பாதிக் கோயில் திரும்பியது. ரொனால்டு நடுவில் நின்றிருந்தார்.

ஜோஸ்பின் அவரருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, எல்லாரும் நம்மளையே பாக்குறாக."

ரொனால்டு வாசலுக்குப் போய்க் குனிந்தார். கயிறு கட்டிய பூட்ஸ். அவிழ்க்க நேரம் ஆனது. அவள் காத்திருந்தாள், உதவவில்லை.