நார்மல் அண்ணனின் இடது கண்

மருத்துவமனை முழுக்க அவருக்கு 'நார்மல் அண்ணன்' என்றுதான் பெயர். வேலை என்னவோ வார்டு அட்டெண்டர். மருத்துவ மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வந்தால் அவரைத்தான் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நல்லா இருக்கிற ஆளிடம் இல்லாத நோயைக் கண்டுபிடிக்கிற அதிமேதாவிகளைப் பிடிக்க அந்த ஏற்பாடு. அண்ணனுக்கோ பெருமை பிடிபடாது. "என் உடம்புல குறை கண்டுபிடிக்க ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்" என்று மனைவியிடம் அளந்துகொண்டே இருப்பார்.

அன்றைய தேர்விலும் வந்த மாணவர்கள் டார்ச் அடித்தார்கள், 'நார்மல்' என்றார்கள், போனார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள். டார்ச்சை எடுக்காமல் முதலில் முகத்தையே பார்த்தாள். பிறகு, தேர்வு நடத்திய பேராசிரியரிடம் திரும்பினாள்.

"சார், இடது இமை லேசா இறங்கியிருக்கு. அந்தக் கண்மணியும் சின்னதா இருக்கு."

அண்ணனுக்குச் சுள்ளென்று வந்தது. "நல்லாப் பாரும்மா, ராத்திரி தூங்கல, அவ்வளவுதான்."

பேராசிரியர் முறைத்தார். "வருஷக்கணக்கா இவரைப் பாக்கறேன். இல்லாததைச் சொன்னா ஃபெயில், தெரியும்ல?"

"தெரியும் சார். லைட்டை அணைச்சிட்டுப் பாருங்க." குரல் அழுகைக்கு வந்துவிட்டது, ஆனாலும் அவள் பிடித்த பிடியை விடவில்லை.

பேராசிரியர் முணுமுணுத்தபடியே விளக்கை அணைத்து, டார்ச்சைக் கீழிருந்து பிடித்தார். வலது கண்மணி இருட்டுக்கு விரிந்தது. இடது கடுகளவிலேயே நின்றது. பேராசிரியர் அண்ணனின் நெற்றியைத் தடவினார். வலப்பக்கம் பிசுபிசுவென்று வியர்வை, இடப்பக்கம் காய்ந்து கிடந்தது.

"தோள்பட்டை வலிக்குதா?"

"இடது பக்கம் சார். சிலிண்டர் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச மாசமா..."

தேர்வை அப்படியே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலின் உச்சியில் ஒரு கட்டி. கண்ணுக்குப் போகிற நரம்பை அது அமுக்கிக்கொண்டிருந்ததாம். அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவிகளா, நாள் முழுக்க இத்தனை டாக்டர்கள் நடுவில்தானே நடமாடினார்! ஒருவர்கூடப் பார்க்கவில்லையே! அவர்தான் நார்மல் ஆயிற்றே, எதற்குப் பார்ப்பார்கள்?

சட்டைப் பையில் போன் அடித்தது. தேர்வு நாளானால் மனைவி தவறாமல் கூப்பிட்டுக் கேலி செய்வாள்.

"என்னங்க, இன்னிக்காவது எவனாவது குறை கண்டுபிடிச்சானா?"

"ஒரு பொண்ணு..." என்றார் அண்ணன்.

அந்தப் பக்கம் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.