அக்காவும் தங்கையும் அல்ல

குமாரி இறந்த செய்தி வந்தபோது நான் நெடுங்காட்டில், மாமனார் வீட்டில் காலைக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். காரைக்கால்மேட்டு மீன் ஏலக் கொட்டகையிலிருந்து போன். "ஐஸ்காரரே, குமாரியக்கா போயிட்டாங்க. மீன் லாரி பின்னாடி வந்து செவுத்தோட வச்சு நசுக்கிருச்சி" என்றது குரல். கையிலிருந்த தம்ளரைச் சுவரில் அடித்தேன். மாமியார் பதறி எழுந்துவிட்டார். அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல்தான் இருந்தது. குமாரியைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஏலம் கூறும் அவருக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் ஐஸ் உடைத்தவன் நான். அவர் கோபம் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளாதா?

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தபோதும் டிரைவரைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். ஆஸ்பத்திரி வாசலில்தான் குரல் நின்றது என்றார்கள். அவர் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

குமாரி ஏலம் கூறும்போது இடது கையில் காய்ந்த திருக்கை வால் ஒன்று இருக்கும். சாட்டை மாதிரி நீளம், தோலெல்லாம் முள். அவர் மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும் முன் யாரும் கூடையைத் தொடக்கூடாது. ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர், இரண்டாம் தரத்திலேயே வஞ்சிரக் கூடையைத் தன் பக்கம் இழுத்தார். வால் வீசிய சத்தம்தான் கேட்டது. அடுத்த நொடி அவர் புறங்கை கிழிந்து மீன்மேல் ரத்தம் சொட்டியது. "மூணாந்தரம் நான் சொல்ற வரைக்கும் அது கடலோட மீனு" என்றார் குமாரி. பிறகு அவரே என்னிடமிருந்து ஐஸ் வாங்கி அந்தக் கையில் வைத்துக் கட்டினார். கட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் கட்டினார்.

மரகதத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருவாடு போடுகிறவர். வாய் அதிராமல் பேசுவார். குமாரியும் அவரும் பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். யார் கேட்டாலும் சொல்ல ஊர் ஒரு பதில் வைத்திருந்தது: ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி. யார் வழியில் ஒன்றுவிட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு விஷயம் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், எனக்கும் வேலை பாதிதான். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் நானும் குமாரியும் என் செல்போனில் ஒரு கார்ட்டூன் தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம். வெளிநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்தது. இரண்டு பெண்கள். ஒருத்தி எரிமலை நாட்டுத் தளபதி. இன்னொருத்தி, அந்தத் தளபதியால் ஊரே எரிந்து போனவள். பார்க்கும்போதெல்லாம் வெட்டிக்கொள்வார்கள். குமாரிக்கு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. சண்டை வந்தால் ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கழுத்துல போடுறி, கழுத்துல போடு" என்று கத்துவார். ஐந்து தடைக்காலம் இப்படிப் போனது.

கடைசிப் பகுதியை ஆறேழு பேர் சேர்ந்து பார்த்தோம். போர் முடிந்து நகரம் புகைகிறது. இரண்டு பெண்களும் உடம்பெல்லாம் ரத்தத்தோடு எதிரெதிரே வருகிறார்கள். வாளைக் கீழே போட்டுவிட்டு ஒருத்தி மற்றவளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்துகிறாள். நெற்றியும் நெற்றியும் முட்டுகிறது. முத்தமிடக் குனிகிறார்கள். அந்த நேரத்தில் தமிழ்க் குரல், "இனிமேல் நீதான் என் தங்கை" என்றது. படம் முடிந்தது.

குமாரி திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது முறையும் பார்த்தார். "தங்கச்சிய எவ இப்புடிப் பாப்பா?" என்றார். குரல் சரியில்லை. கண் நிறைந்திருந்தது. வலை பின்னுகிறவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். இவரைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா தங்கச்சின்னா என்ன கொறச்சல்? நீங்களும் மரகதமும் இல்லையா?"

பொய்யென்று தெரிந்தே சொன்னேன். எல்லோர் முன்னாலும் அந்தப் பொய்யை எடுத்து அவர் தலைமேல் இன்னொருமுறை வைத்தேன். ஐஸ் இழுக்கும் கொக்கியின் கட்டை என் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டு போனது. விழுந்தவனை நெஞ்சில் மிதித்தார். பிறகு ஐஸ் உடைக்கும் மெஷினைப் போட்டுவிட்டு, என் செல்போனை அதற்குள் எறிந்தார். அது தூளாகி வெளியே வருவதைக் கடைசி வரை நின்று பார்த்தார்.

ஊர்ப் பஞ்சாயத்தில் ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். "சொன்னா தாங்குவீங்களா?" என்றார். இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை. பத்து நாள் ஏலம் கூறக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீங்கிய வாய் காரணமில்லை, வெட்கம்தான்.

பதினோராம் நாள் அவரே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து, "அஞ்சு வருசமா வெட்டிக்கிட்டாளுவ, ரத்தம் ஆறா ஓடுச்சி. ஒருத்தனும் மூஞ்ச சுளிக்கல. மொகத்தக் கையில ஏந்துறதுக்கு அரை நிமிசம் குடுத்தானுவ. அது ஒங்களுக்குப் பொறுக்கல" என்றார். மன்னித்துவிடுங்கள் என்றேன். "பல்லக் கட்டிக்கிங்க, பாக்க சகிக்கல" என்று எழுந்து போனார். அதன்பின் எங்களுக்குள் ஒளிவு மறைவு இருந்ததில்லை.

இறந்த மறுநாள் பூவத்திலிருந்து அவருடைய தம்பி வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அக்காளை எட்டிப் பார்த்துப் பல வருடமாகிறது. மீன் இறங்குதளத்து வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். குமாரியின் படம், கீழே துக்கப்படுவோர் பட்டியல். தம்பி பெயர் முதலில், மரகதம் பெயர் கடைசியில். பெயருக்கு முன்னால் 'தங்கை' என்று போட்டிருந்தது.

மரகதம் அதைப் படித்தார். என்னைப் பார்த்து, "செத்ததுக்கப்புறமுமா?" என்றார்.

கொக்கியை எடுத்துக்கொண்டு போய் ஃபிளெக்ஸைக் குறுக்கே கிழித்தேன். தம்பி என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் மூக்கில் குத்தினேன். கூட வந்தவர்கள் என்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருப்பதாக டாக்டர் சொல்கிறார். மூச்சை இழுத்தால் குத்துகிறது. வருத்தமில்லை. அவர்களை விலக்கிவிட்டபின், அப்படியானால் என்னவென்று போடுவது என்று தம்பி கேட்டார். கூடி நின்ற அத்தனை பேரும் மண்ணைப் பார்த்தார்கள். அப்போதும் அந்த வார்த்தையை என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அடி வாங்குவது அதைவிட எளிதாக இருந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று மரகதத்தைக் கேட்டேன். "எழுதுங்க. அவ இருந்தா, இவ்ளோ நாளா என்ன பண்ணுனீங்கன்னு அடிச்சிருப்பா" என்றார்.

குமாரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அது இனி என் பொறுப்பு. அவரைத் தெரிந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். துக்கம் விசாரிக்கப் பலரும் பூவத்துக்குப் போய் வருவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே போகாதீர்கள். காரைக்கால்மேட்டுக்கு வாருங்கள். மரகதத்தின் வாசலுக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. துணையைப் பறிகொடுத்தவர் அவர்தான்.