வேதாக்காவை யாரும் தள்ளவில்லை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். வேதாக்காவைப் பற்றிக் கோபப்படாமல் பேச என்னால் ஆகாது. என் பெயர் பொன்னியம்மாள். சிட்லபாக்கத்தில் ஏரிப் பூங்காவுக்கு நேர் எதிரே இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்தால் பூங்காவில் யார் நடக்கிறார், யார் நடப்பதுபோல் போன் பேசுகிறார் எல்லாம் எனக்குத் தெரியும்.

வேதாக்கா பக்கத்துத் தெரு. கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறுவார், பீச்சில் இறங்குவார், சாயங்காலம் அதே கூட்டத்தில் நசுங்கித் திரும்புவார். நடுவில் கல்யாணம், மகள் மாளவிகா பிறந்தது, கணவர் ஸ்ரீரங்கன் சாருக்கு பைபாஸ் ஆனது, பிறகு அவர் போய்ச் சேர்ந்தது எல்லாம் நடந்தது. ரயில் மட்டும் நிற்கவில்லை. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது, ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடிவந்த ஒருவன் அக்காவை இடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டான். அக்காவுக்கு மணிக்கட்டு உடைந்தது.

எலும்பு கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. படிக்கட்டில் கைப்பிடிக் கம்பியை விடமாட்டார். நாலு பேர் சேர்ந்து எதிரே வந்தால் சுவரோரம் ஒட்டிக்கொள்வார். மாளவிகா திருச்சியில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அக்கா தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியோடு போய்விட்டு, பிளாட்பாரக் கூட்டத்தைப் பார்த்து அப்படியே திரும்பி வந்தார். பேரனைப் போனில்தான் பார்த்தார். அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து அவர் அழுததை நான் மறக்கமாட்டேன்.

அதற்கப்புறம்தான் பூங்காவில் நடக்கும் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்பு வித்தை வகுப்பில் சேர்ந்தார். தனசிங் மாஸ்டர் பல்லாவரத்துக்காரர். பினாங்கில் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டே ஒரு சீனப் பெரியவரிடம் வருஷக்கணக்காகப் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பூங்காவுக்கு வந்து சொல்லிக் கொடுப்பார். மற்ற நாட்களில் அனந்தகிருஷ்ணன் சார் வகுப்பை நடத்துவார். பேங்க் மேனேஜராக இருந்தவர், காலனி சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மாஸ்டர் வித்தைக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுபதை நெருங்குகிறார், ஒற்றைக் காலை மெதுவாகத் தூக்கி நிறுத்தினால் வாகனச் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்கும். முதல் நாளே அக்கா அவரிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். யாராவது தள்ளினால் விழாமல் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அது முடியுமா என்றார். முடியும், புஷ் ஹேண்ட்ஸ் பழகினால் வரும் என்றார் மாஸ்டர்.

புஷ் ஹேண்ட்ஸ் என்றால் வேறொன்றுமில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மணிக்கட்டை மணிக்கட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் தள்ள வேண்டும். மற்றவர் விறைத்துக்கொண்டு நிற்காமல், இடுப்பைத் திருப்பி அந்தத் தள்ளலைப் பக்கவாட்டில் போகவிட வேண்டும். கால் பெயரக்கூடாது. ஆண்கள் ஆண்களோடு செய்யும்போது சட்டை நனைந்துவிடும். ஒருவரை ஒருவர் செடிக்குள் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள்.

அக்கா முறை வந்தால் மட்டும் கதையே வேறு. மறைமலை நகர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் தினகரன் வருவான், சூடான இட்லித்தட்டைத் தொடுவதுபோல் விரல் நுனியால் அக்கா கையைத் தொடுவான், அவர் லேசாக அசைத்ததும் இரண்டு அடி பின்னால் போய், "சூப்பர் மேடம்" என்பான். அனந்தகிருஷ்ணன் சார் அதைவிட மோசம், தொடுவதற்கு முன்பே பின்னால் போய்விடுவார். மொத்த வகுப்பும் அப்படித்தான். நான் ஒருநாள் அக்காவிடம், என்னக்கா, இவர்கள் உங்களைத் தள்ளுகிற மாதிரியே தெரியவில்லையே என்றேன். அதுதான் டெக்னிக், பலத்தைக் காட்டக்கூடாது என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. நான் மாவு ஆட்டுகிறவள், எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. போன மாதம் கடைக்கு எவர்சில்வர் அண்டா ஒன்று பழசாகக் கிடைக்குமா என்று பார்க்க நான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்றார் அக்கா. சந்தைக் கூட்டம் எப்படியிருக்கும் என்று தெரிந்தும் வந்தார். இப்போது விழாமல் நின்றுவிடுவேன் என்ற நம்பிக்கை. சுவரோரம் போகாமல் நடு வழியில் நடந்து வந்தார், எனக்கே சந்தோஷமாக இருந்தது. பழைய டேபிள் ஃபேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் எதிரே வந்தான். பெரிய இடி ஒன்றும் இல்லை, தோள் லேசாக உரசியது. அக்கா அப்படியே மல்லாந்து பீங்கான் தட்டுக் கடைக்குள் போய் விழுந்தார்.

நல்லவேளை எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. உடைந்த தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பொன்னி, மூணு வருஷத்துல அவங்க ஒரு தடவைகூட என்னைத் தள்ளல."

வந்த ஆத்திரத்தில் தட்டுக் கடைக்காரனிடம்தான் கத்தினேன், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா விந்தி விந்திப் பூங்காவுக்குப் போனார். நானும் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். அக்கா சத்தம் போடவில்லை. ஏன் என்னைத் தள்ளவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தினகரன் தலையைச் சொறிந்தான். லேடீஸ் மேல் எப்படிக் கை வைத்துத் தள்ளுவது, பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்களா என்றான். அனந்தகிருஷ்ணன் சார், எல்லாம் ஒரு மரியாதைதான் என்றார். தன் சொந்தத் தங்கையாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாராம். அந்தத் தங்கையை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா அவர்களுக்கு நேரே போய் நின்றார்.

"முப்பது வருஷம் ட்ரெயின்ல ஒதுங்கி ஒதுங்கி நின்னேன் சார். அங்க இடிக்காத ஆம்பளை இல்ல. இங்க நானே வந்து தள்ளுங்கன்னு கையை நீட்டினேன். இங்கதான் உங்க எல்லாருக்கும் மரியாதை ஞாபகம் வந்துதா?"

அக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டார்.

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அதற்காக ஒரு மார்க் வேண்டுமானால் போடலாம். "தெரியும்மா," என்றார். "நீங்க சும்மா ஆரோக்கியத்துக்கு வர்றீங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "இன்னா மாஸ்டர், இப்டி சொல்றீங்கோ? தள்னா வுயக்கூடாதுன்னு அக்கா மொத நாளே உங்களாண்ட சொல்லிச்சே, நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன். அவங்க சும்மாவா சொன்னாங்கோ?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கடைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு கிரைண்டருக்கு எதிரே காலை அகட்டி நின்று கையை நீட்டினார். தள்ளு என்றார். யோசிக்கவே இல்லை நான். மூட்டை தூக்குகிற கை, அதில் மூன்று நாளாகக் கோபம் வேறு. அக்கா போய் உளுந்து மூட்டைமேல் விழுந்தார். எழுந்து வந்து, இன்னொரு தடவை என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாவு வாங்க வந்த பெண்கள் முதலில் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் பாத்திரத்தை வைத்துவிட்டு அவர்களும் தள்ளினார்கள். ட்யூஷன் எடுக்கிற தீபா, தன் மாமியார் மேலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். அக்கா மூட்டைமேல் விழுவார், சுவரில் மோதுவார், ஒருநாள் முழங்கை வரை மாவு. ஆனால் மூன்று வருஷமாகக் காற்றில் செய்த அந்த மெதுவான அசைவெல்லாம் எதற்கு என்று இப்போதுதான் அவர் உடம்புக்குப் புரிந்தது. என் பலமெல்லாம் அவருடைய இடுப்புத் திருப்பலில் எங்கேயோ வழுக்கிப் போக ஆரம்பித்தது. திருச்சி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று ஒருநாள் சொன்னார். அதை மட்டும் குரலை இறக்கிச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சாலையைத் தாண்டிக் கடைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அக்காவோடு கை சேர்க்கணும் என்றார். அப்போது தீபாவும் இன்னும் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வரிசையில நில்லுங்க மாஸ்டர்," என்றேன் நான்.

நின்றார். கையில் தூக்குச்சட்டியோடு இருந்தவளுக்குப் பின்னால் போய் நின்றார். அவர் முறை வந்ததும் அக்கா மணிக்கட்டை நீட்டினார். மாஸ்டர் தள்ளினார். அக்காவின் இடுப்பு திரும்பியது. மாஸ்டர் நேராகப் போய் உளுந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"இது ஆரோக்கியத்துக்கா மாஸ்டர்?" என்று கேட்டார் அக்கா.

மாஸ்டர் திரும்பி வந்து மறுபடி கையை நீட்டினார். இந்தத் தடவை அவருடைய பின்னங்கால் தரையில் அழுந்தியதை நான் பார்த்தேன். தினகரனைத் தள்ளுவாரே, அப்படித் தள்ளினார். அக்கா சுவர்வரை போய் மோதித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடப்பாவி மனுஷா என்று நான் ஓடினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா பொன்னி, தள்ளிட்டார்."

ரயில் வெள்ளிக்கிழமை. தாம்பரம் வரைக்குமாவது கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.