அக்கம்பக்கத்தில் இரண்டு பேர்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த காவலர் முதலில் கேட்டது என் வேலையைப் பற்றி.

"டெர்ரரிசம் சார்" என்றேன்.

எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "அதாவது சார், உலகத்துல எங்க அட்டாக் நடந்தாலும் நியூஸ் எங்களுக்கு வரும். நாங்க பிரிச்சு வைப்போம்" என்று அவசரமாக விளக்கினேன். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காவலரிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்திலிருந்து வந்தவன் நான்.

"கம்ப்யூட்டர்னு எழுதிக்கிறேன்" என்றார் அவர். "சரி தம்பி, இந்தத் தெருவுல உன்னைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். ஆபீஸ் ஃப்ரெண்டு, சொந்தக்காரன் எல்லாம் வேணாம். அக்கம்பக்கம். நான் ஒரு டீ அடிச்சிட்டு வரேன், கூப்ட்டு வை."

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த மாடி அறைக்கு நான் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவை முனைவரைக்கும் பார்த்தேன். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாஸ்போர்ட் எனக்குக் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்து ஆய்வுக் குழுவுக்கு என் பெயரைச் சொல்லியிருந்தார்கள். தாமதமானால் அடுத்த ஆள் போய்விடுவான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கடலைத் தவிர எதுவும் தெரியாது. வேறு ஒரு நகரத்தில் பயங்கரவாதிகள் படகில் வந்து இறங்கிச் சுட்ட பிறகு, அவர் தன் கடலுக்குப் போவதற்கே அடையாள அட்டை கேட்டார்கள். பயங்கரவாதம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த அட்டையோடுதான்.

பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்திகளைப் பிரிப்பதில்தான் என் வேலை தொடங்கியது. அப்போதெல்லாம் விமானத்தைக் கடத்துவார்கள், தூதரகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வார்கள், சிறையிலிருக்கும் தங்கள் ஆட்களை விடச் சொல்வார்கள். பேச ஒரு வாசல் திறந்திருக்கும். அடுத்து வந்த வருடங்களில் கோரிக்கைகள் குறைந்தன, சாவு கூடியது. சந்தை, ரயில், வழிபாட்டு இடம் என்று கூட்டம் இருக்கும் இடமெல்லாம் குறியானது. வரைபடத்தில் என் விரல் ஐரோப்பாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் மேற்காசியாவுக்கும் நம் பக்கத்து நாடுகளுக்கும் நகர்ந்து, இப்போது சஹாராவுக்குத் தெற்கே உள்ள கிராமங்களில் நிற்கிறது. இலங்கைச் செய்திகள் வந்தபோது, இறந்தவர்களின் பெயர்களை எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் சரியாகப் படித்தேன். மற்றவர்களுக்கு அவை நீளமான பெயர்கள். எனக்கு என் வகுப்பில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள்.

பெரிய நகரங்களிலிருந்து சமீப வருடங்களில் வருபவை வேறு மாதிரி. நாங்கள் நிரப்பும் படிவத்தில் 'எந்த அமைப்பு' என்ற கட்டம் காலியாகவே இருக்கும். யாரும் அனுப்பாத ஒருவன். ஆயுதம் என்றால் சமையலறைக் கத்தி, இல்லையென்றால் வாடகை வண்டி. அவனுக்குப் பயிற்சி முகாம் கிடையாது. அறை, கைபேசி, முன்பின் பார்க்காதவர்களின் பேச்சு, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் 'தனி ஆள்' என்று நிரப்புவோம். பகலெல்லாம் அதை நிரப்பிவிட்டு, அடுப்பில் ஒருவனுக்கு மட்டும் சோறு வைப்பேன்.

கையெழுத்துக்கு எதிர்வீட்டு சாரிடம் முதலில் போனேன். தினமும் ஸ்கூட்டரைத் துடைப்பவர், நான் தலையாட்டினால் தலையாட்டுபவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. காலம் சரியில்ல. நாளைக்கு ஏதாவதுன்னா என்னைத்தானே கூப்பிடுவாங்க?" என்றார். அவர் பயத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்று அவரைவிட எனக்கு விவரமாகத் தெரியும்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அண்ணன் அவ்வளவு யோசிக்கவில்லை. இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். "இன்னா தம்பி, இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு" என்றவர், தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தன் மைத்துனருக்கு போன் அடித்தார். "மச்சான், வா, ஒரு கையெழுத்து. யாருக்கா? நம்ம மாடிக்குத்தான். அட, மாடில ஒரு தம்பி கீதுடா!"

மைத்துனர் வந்து சேரவும் காவலர் டீ குடித்துவிட்டுத் திரும்பவும் சரியாக இருந்தது.

"இவரைத் தெரியுமா?"

"தெரியும் சார். நல்ல பையன், ரொம்ப அமைதி. யார்கிட்டயும் பேசவே மாட்டான்" என்றார் மைத்துனர்.

தனி ஆள் செய்திகளின் கடைசிப் பத்தியில் அண்டை வீட்டார் சொல்வதாக வருவது இதேதான். எத்தனையோ நாடுகளிலிருந்து வந்து, எத்தனையோ முறை நான் படித்தது.

காவலர் அந்தச் செய்திகளைப் படித்தவரல்ல. ஆனாலும் பேனாவை நிறுத்திவிட்டார். "யார்கிட்டயும் பேசமாட்டான்னா, நல்ல பையன்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

மைத்துனர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நானே எனக்குச் சாட்சி சொல்லிக்கொள்ள முடியாது. பையில் இருந்த சான்றிதழ் ஒன்றும் இந்தக் கேள்விக்கு உதவாது.

அடுப்படியிலிருந்து வீட்டுக்கார அக்கா ஈரக்கையோடு வந்தார். "நான் சொல்றேன் சார். தொட்டி ரொம்பி வழிஞ்சா இந்த வூட்ல ஒருத்தரும் எழுந்துக்க மாட்டாங்க. தோ, இவரு டிவி பார்த்துகினே இருப்பாரு. மேலருந்து இந்தத் தம்பிதான் எறங்கி வந்து மோட்டாரை நிறுத்திட்டுப் போவும். ஒரு நாள்கூட 'அக்கா, நான்தான் நிறுத்தினேன்'னு சொன்னதில்ல. காலடிச் சத்தத்தை வெச்சுத்தான் எனக்கே தெரியும்."

"கல்யாணம் ஆன நாள்லருந்து இவ இப்டித்தான் சார், என்னையும் சேர்த்து வாரிடுவா" என்று அண்ணன் சிரித்தார்.

"அப்போ நீங்க போடுங்கம்மா" என்று காவலர் பேனாவை அக்காவிடம் நீட்டினார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அவர் போட்டார். கீழே அண்ணன் போட்டார். மைத்துனர் சும்மா வந்ததற்கு ஒரு டீ கேட்டார். காவலர் வண்டியைக் கிளப்பும்போது, "மெசேஜ் வரும் தம்பி" என்றார்.

மேலே போய் மடிக்கணினியைத் திறந்தேன். ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்று. மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்டை வீட்டார் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. சொல்வதற்கு அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. கட்டங்களை நிரப்பி அனுப்பினேன். அதற்குமேல் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கீழே இறங்கினேன். கதவைத் தட்டிய பிறகுதான், என்ன சொல்வது என்று யோசிக்காமல் வந்துவிட்டது உறைத்தது.

அக்கா பாதிக் கதவைத் திறந்தார். "இன்னா தம்பி, தொட்டி வழியுதா?"

"இல்லக்கா."

"லைட் போச்சா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. "யாரு அது?" என்று அண்ணனின் குரல் கேட்டது.

"யாருமில்ல" என்றார் அக்கா, கதவிலிருந்து கையை எடுக்காமல். "நம்ம மாடித் தம்பி."