ஒரே தெருவில் இரண்டு ஒன்பது

ஈரம் காயாத பெயிண்ட் வாசனை... சில நாள் எங்கள் தெரு முழுக்க அதுதான்.

மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஒன்பதாம் நம்பர். வீட்டு எண்களை மாற்ற ஆட்கள் வந்தார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் 'புதிய எண் 21, பழைய எண் 9' என்று எழுதினார்கள். புது ஒன்பது, தெருவின் அந்தக் கோடியில், மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்குப் போய்விட்டது. தபால் மாறி வரும், கேஸ் சிலிண்டர் மாறிப் போகும்... சிரித்துக்கொள்வோம்.

என் மகள் நிலா அப்போது யு.கே.ஜி. எனக்கு தி.நகரில் வேலை. மதியம் பள்ளி ஆட்டோவில் அவள் வந்து இறங்கும்போது, என் நாத்தனார் சுதா வாசலில் நின்று கூட்டிக்கொள்வாள்.

ஒருநாள் ஆபீசுக்கு சுதாவிடமிருந்து போன்.

"அண்ணி... நிலா இன்னும் வரல. ஸ்கூல்ல கேட்டா எப்பவோ கிளம்பிட்டாளாம். நம்ம ஆட்டோக்காரருக்கு உடம்பு சரியில்லையாம். வேற யாரோ கூட்டிட்டுப் போனாராம்."

வேற யாரோ.

அப்போது செல்போன் எல்லாம் எங்களிடம் ஏது? ஓர் ஆட்டோவைப் பிடித்து ஏறினேன். வழியில் கடந்துபோன ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் அவளுடைய யூனிபார்ம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

நான் போய் இறங்குவதற்குள், சுதா அந்த மாற்று டிரைவரை ஸ்டாண்டில் தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"ஒன்பதாம் நம்பர்லதாம்மா வுட்டேன். கேட்டு தொறந்து கீது, பாப்பா உள்ள போச்சு. பாத்துட்டுதாம்மா கெளம்புனேன்."

"எந்த ஒன்பது?"

அவர் மெயின் ரோடு பக்கம் கையை நீட்டினார்.

ஓடினேன். செருப்பு எங்கே கழன்று விழுந்ததோ தெரியாது.

அந்த வீட்டு கேட் திறந்தே கிடந்தது. வீட்டுக் கதவில் பூட்டு. தண்ணி லாரி வந்து போயிருக்க வேண்டும். தரையெல்லாம் ஈரம், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், சம்ப்பின், மூடி திறந்தபடி இருந்தது. அதன் விளிம்பில்...

நிலாவின் வாட்டர் பாட்டில்.

கூப்பிட்டேன். என் குரலே உள்ளே போய்த் திரும்பி வந்தது. குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கைக்கு எதுவும் அகப்படவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. பின்னால் சுதா கதறுகிறாள். டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் போகிறார்.

"அம்மா... அங்க என்ன தேடுற?"

கேட்டருகில் நிலா. அவள் கையைப் பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து ஓர் அம்மா. அந்த வீட்டுக்காரர்.

"ஒன்பதாம் நம்பர்தான் எங்க வீடுன்னு அழறா. இதுதாம்மா ஒன்பதுன்னா, இல்லவே இல்லைன்னு இன்னும் அழறா. லாரி போனதும் வீட்டைப் பூட்டிட்டு, பக்கத்துத் தெரு ஒன்பதா இருக்கும்னு அங்கெல்லாம் இவளோட அலைஞ்சிட்டு வரேன். பதட்டத்துல தொட்டியை மூட மறந்துட்டேன் பாருங்க..."

ஈரத்தரையிலேயே எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே பிள்ளையை இழுத்து அணைத்தேன்.

"ஐயோ, ஈரம்மா..." என்று நெளிந்தாள்.

இன்றைக்கு அவளுக்கு அது எதுவுமே ஞாபகமில்லை. வேலைக்குப் போகிறாள். கால் டாக்ஸியில் ஏறியதும் லொகேஷன் அனுப்பிவிடுவாள். வீட்டு நம்பரை யாரும் கேட்பதே இல்லை. அந்த அம்மாவின் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். வழி தெரியாத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்க, இப்போது அந்தத் தெருவில் யார் இறங்கி வருவார்களோ...

போன வாரம், போன் திரையில் அவள் வரும் இடத்தைக் காட்டும் புள்ளி கோட்டூர்புரம் பாலத்தருகே அசையாமல் நின்றது. உடனே கூப்பிட்டேன்.

"டிராபிக்மா. இதுக்குப் போய் ஏன் இப்படி பயப்படுற?"

"சும்மாதான்" என்றேன்.

புள்ளி மறுபடி நகர ஆரம்பித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.