ஆவடி வீட்டு ஊஃபரில் வந்த ‘ம்ம்ம்’

ஹோம் தியேட்டர் ரிப்பேர் பண்றவனுக்கு வர்ற போன்களில் பாதியில் மனுஷக் குரலே இருக்காது. “ஹலோ”ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், போனைக் கொண்டுபோய் ஊஃபர் பொட்டி பக்கத்தில் வச்சிடுவாங்க. “ம்ம்ம்ம்ம்...” நானும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருப்பேன். அப்புறம் கஸ்டமர் திரும்பி வந்து, “கேட்டுச்சா? இதான் கம்ப்ளைன்ட்” என்பார்.

கேட்காம என்ன? பாட்டுப் போட்டாலும் ம்ம்ம், பாட்டை நிறுத்தினாலும் ம்ம்ம். வீட்டில் ஊஃபர் வாங்கி வச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நீங்க படற பாடு உங்களுக்கு, அதை நிறுத்த நான் படற பாடு எனக்கு.

முகப்பேரில், ஹவுசிங் போர்டு மாடிப்படிக்குக் கீழே என் கடை. வருமானத்துக்குக் குறையில்ல. குறை வேற இடத்தில. பொண்ணு வீட்டுக்காரங்க “பையன் என்ன பண்றாரு?”ன்னு கேட்பாங்க. எங்க அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து “எலக்ட்ரானிக்ஸ்” என்பாங்க. “ஓ, ரிப்பேரா?” என்பாங்க அவங்க. அதோட பேச்சு படுத்துடும். அப்படிப் படுக்காம இருந்தது ஆவடி சம்பந்தம் ஒண்ணுதான். அங்கேயும் இந்தப் பாழாப்போன ம்ம்ம் வந்து நடுவீட்டில உட்கார்ந்துக்கிச்சு.

பஜ்ஜிக்கு நடுவில்

பொண்ணு பேரு புவனா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். டீ டம்ளரை நீட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தா. வெட்கம் கிட்கம் ஒண்ணும் இல்ல, கம்பெனி பெல்ட்டில் வர்ற சாமானைப் பார்க்கிற பார்வை. எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சு. அதை எப்படிக் காட்டிக்கறதுன்னு தெரியாம தட்டில் இருந்த இன்னொரு பஜ்ஜியை எடுத்துட்டேன்.

அவங்க அப்பா ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்ட் ஆசையா ஹோம் தியேட்டர் வாங்கி, ஒரு படம் கூட நிம்மதியாப் பார்க்க முடியாத கடுப்பில் இருந்தார். நான் ரிப்பேர்க்காரன்னு தெரிஞ்சதும் அவர் மூஞ்சி மலர்ந்தது, என் அம்மா மூஞ்சி சுருங்கிச்சு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி குப்புறப் படுத்தேன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கூட இல்ல. பிளக்கைத் திருப்பிப் போட்டேன், ஒயரைத் தள்ளி வச்சேன், பொட்டியை வாய்க்குள்ளேயே நாலு வார்த்தை திட்டினேன். சத்தம் குறைஞ்சது, நிக்கல. எழுந்தப்ப சட்டை முழுக்க ஒட்டடை. வருங்கால மாமா காதைப் பொட்டிகிட்ட வச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்:

“இந்தா பாரு நைனா, இது நின்னா தாம்பூலம் மாத்திக்கலாம். நிக்கலன்னா, வந்தோம் பஜ்ஜி துன்னோம்னு நெனச்சிக்கோ.”

ஓம்

அந்தக் கவலையோடவே மறுநாள் முகப்பேரில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனேன். கூப்பிட்டது வீட்டு அம்மா. கதவைத் திறந்தது பாங்கில் இருந்து ரிட்டயர் ஆன அவங்க வீட்டுக்காரர். வாயில் விரல் வச்சு ‘உஷ்’ என்றார். உள்ளே நாலு பேர் பாய் போட்டு, கண்ணை மூடி, ஊஃபர் பொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. பொட்டிக்கு ஒரு முழம் மல்லிப்பூ. விஷயம் இதுதான்: பொட்டியில் இருந்து தானா ‘ஓம்’ வருதுன்னு சார் நம்பிட்டார். நம்பினதோட நிக்காம பக்கத்து ஃபிளாட்டுகளுக்கும் சொல்லிட்டார்.

சமையல்கட்டில் இருந்து அந்த அம்மா, “நீ ஆரம்பிப்பா, எனக்கு சீரியல்ல ஒரு வசனம் புரியல”ன்னு கண்ணைக் காட்டினாங்க. மாடியில் இருந்து வர்ற கேபிள் ஒயர் மேல எனக்குச் சந்தேகம். செட்டாப் பாக்ஸில் இருந்து அதைக் கழற்றினேன். ஓம் அப்படியே நின்னுடுச்சு. நாலு பேரும் ஒண்ணாக் கண்ணைத் திறந்தாங்க. அந்த மாதிரி ஒரு அமைதியை நான் எந்தக் கோயில்லயும் பார்த்ததில்ல. சார் என்னைத் தனியா பால்கனிக்குத் தள்ளிக்கிட்டுப் போனார்.

“நின்னது நல்லதுதான் தம்பி, ஆனா நாளைக்குக் காலைல பாயோட வந்து நிக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஏசி போட்டா அடங்கும்

அங்கிருந்து நேரா ஆவடி. அங்கேயும் அதே வியாதிதான், டிஷ் ஒயர். எல்லாப் பின்னையும் கழற்றித் துடைச்சு மாட்டி, ஒயருக்கும் வைத்தியம் பண்ணினேன். கப்சிப். மாமா எனக்கு அவர் கையாலேயே காபி ஆத்திக் கொடுத்தார். ஒரு வாரம் கூட ஆகல, போன் வருது. குரல் இல்ல. “ம்ம்ம்ம்ம்...”

அந்த நேரம் பார்த்து நூம்பல் ஊர்ல இருந்து ஒரு அண்ணாத்தே கூப்பிட்டார். நிலத்தை வித்துப் பெரிய வீடாக் கட்டினவர். “ஏசி போட்டா ஊஃபர் அடங்கிடுது, ஏசி நிறுத்தினா மறுநாள் கத்துது”ன்னார். நான் மனசுக்குள்ள சிரிச்சேன். ஏசிக்கும் ஊஃபருக்கும் என்ன சம்பந்தம்? வெளியே போய்ப் பார்த்தா, ஏசித் தண்ணி சொட்டுற இடத்தில்தான், கசியுற கரன்ட்டை மண்ணுல இறக்குற வீட்டு எர்த் குழி. ஏசி ஓடினா குழி நனையுது, நனைஞ்சா எர்த் பிடிக்குது, சத்தம் அடங்குது. வெயில்ல மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்தது. குழியில ஈரம் நிக்கறதுக்குக் கல் உப்பு வாங்கிக் கொட்டித் தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்கன்னேன். அண்ணாத்தே இடுப்பில் கை வச்சு என்னையே பார்த்தார்.

“எனக்கே டாக்டர் உப்பக் கொறைக்க சொல்லிக்கீறாரு, நீ இன்னா, ரேடியோ பொட்டிக்கு உப்பு போட சொல்ற?”

உப்பும் கையும்

ஆவடியிலும் அதுதான் கோளாறுன்னு முடிவே கட்டிட்டேன். போற வழியில் ஒரு பாக்கெட் கல் உப்பு வாங்கிக்கிட்டு, அதைக் கையில் பிடிச்சபடியே வாசல்ல நின்னேன். கதவைத் திறந்த புவனாவோட அம்மா உப்பைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, கண்ணு கலங்கிடுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ரெண்டு கையாலயும் பாக்கெட்டை வாங்கிக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வச்சு விளக்கேத்திட்டாங்க. ‘அம்மா, அது எர்த் குழிக்கு’ன்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? நைசா நழுவிப் போய்த் தெருமுனைக் கடையில் இன்னொரு பாக்கெட் வாங்கிக்கிட்டு வந்து குழியில் கொட்டினேன்.

குழிக்குத் தண்ணி ஊத்தி, எல்லாப் பின்னையும் மறுபடி இறுக்கி, ஊஃபருக்குப் போற ஆடியோ பின்னுக்கு டேப்பும் சுத்தினேன். சத்தம் போயே போச்சு. மாமா மட்டும் “போன தடவையும் இப்டிதான் நின்னுது”ன்னு முணுமுணுத்தார். சுருக்குன்னு கோவம் வந்தது எனக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, “பொட்டி சரியில்ல மாமா”ன்னு பொட்டி தலையில ஒரு தட்டுத் தட்டினேன். புவனா கதவோரம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. கிளம்பும்போது அவங்க அம்மா சொன்னதைக் கேட்டு மாமாவுக்கே புரை ஏறிடுச்சு:

“பூவும் பழமுமா வந்தவங்க எத்தினியோ பேரு. உப்பும் கையுமா வந்தது நீங்கதான் மாப்ள.”

ம் கொட்டினது

காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடு. புருஷன் போன் பண்ணிக் கூப்பிட்டார், நான் போனப்ப அதே போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கூடத்தில் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே எதிர் வீட்டுக் கதை, தண்ணி லாரிக் கதை, நாத்தனார் கதை எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஊஃபர் “ம்ம்ம்ம்”. நான் ஒரு ஒயரை மாத்தினேன், நின்னுடுச்சு. அந்த அம்மாவும் பேச்சை நிறுத்திட்டாங்க. கையில் கீரை அப்படியே இருக்கு. புருஷன் தலையைத் தூக்கி “ம்?” என்றார். அந்த அம்மா அவரைச் சட்டை பண்ணல, என்கிட்டதான் சொன்னாங்க.

“இந்த ஊட்ல நான் பேசினா ம் கொட்றது அது ஒண்ணுதான். அதோட வாயையும் அடச்சிட்டியே நைனா.”

பாஸ்

வண்டியில் வரும்போது அந்த அம்மா சொன்னதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். சத்தத்தை வேணாம்னு சொல்றவங்களைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். வேணும்னு ஒருத்தங்க இருப்பாங்கன்னு எனக்குத் தோணினதே இல்ல. அப்ப போன் அடிச்சது. ஆவடி மாமா. இந்தத் தடவை அவரே பேசினார்: “இன்னா நைனா, உப்பு கரைஞ்சிடுச்சா?” எங்க அம்மா விஷயத்தைக் கேட்டு, “இதுவும் போச்சா?”ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்தது. சம்பந்தமும் போகுது, தொழில் மானமும் சேர்ந்து போகுது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாமா என் தலைக்கு மேல நின்னு மூச்சு விட்டுக்கிட்டே இருந்தார். வேலை ஓடல. “மாமா, மொட்டை மாடிக்குப் போய் டிஷ் ஒயரைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க”ன்னு அனுப்பி வச்சேன். அப்புறம் பொட்டிக்குப் பின்னாடி பார்த்தேன். ஆடியோ பின் நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது. பின் அவ்வளவு வெளியே வந்தாலே எந்த ஊஃபரும் கத்தும். ஆனா அது நான் இறுக்கி டேப் சுத்தின பின். டேப் அப்படியேதான் இருக்கு, ஓரத்தில் மட்டும் ஒரு மடிப்பு. அடுத்த தடவை சுலபமாப் பிரிக்கிறதுக்குன்னு நீட்டா மடிச்சு விட்ட மடிப்பு. எனக்கு அவ்வளவு நீட்டான கை கிடையாது. நிமிர்ந்தேன். மோர் டம்ளரோட புவனா.

“இதை இழுத்தது நீங்களா?”

“ரெண்டு தடவை”ன்னா. ஒரு பதட்டமும் இல்ல. “பஜ்ஜி ஆறுறதுக்குள்ள ஆளப் பாத்து முடிவு சொல்லுன்னா எப்டிங்க சொல்றது? எங்க கம்பெனியில ஒரு போல்ட்டையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டுதான் அனுப்புவோம். அப்பா உங்கள என்னென்னமோ பேசினாரு. நீங்க பொட்டியத்தான் திட்டினீங்க, அவர ஒரு வார்த்த சொல்லல. அம்மா உப்ப எடுத்துகினு போனப்பவும் அவங்க மனச ஒடைக்கல.”

மேலே இருந்து மாமா குரல் வந்தது: “நைனா, புடிச்சிகினே இருக்கட்டா?”

“இன்னும் கொஞ்சம் மாமா”ன்னேன். அவ பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினேன். “அப்ப... நான் பாஸா?”

அவ மோரைக் கீழே வச்சா. குனிஞ்சு, அவ கையாலேயே அந்தப் பின்னை உள்ளே அழுத்தினா. ஊஃபர் நின்னுடுச்சு. கூடமே அமைதியாச்சு. அந்த அமைதியில் சொன்னா:

“ம்.”

இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ ம்ம்ம்மை நிறுத்தியிருக்கேன், ‘சரியாக் கேட்கல, இன்னொரு தடவை’ன்னு கெஞ்சினது அந்த ஒரு ம்முக்கு மட்டும்தான், அதுவும் மாமாவை மொட்டை மாடி வெயிலில் சுத்தமா மறந்துட்டு.